நான்காம் எண் போட்ட வீடுகள்

“நாலு போடுன்னு சொன்னது நீங்கதான் மேடம். நான் போட்டேன். இன்னிக்கு ஜன்னல் பதினாலரை இன்ச். எங்கப்பாவ எது வழியா வெளிய இட்டுனு வர்றது, நீங்களே சொல்லுங்க.”

“மெதுவா பேசு ரக்ஷிதா. வெளியில எல்லாரும் நின்னுண்டிருக்கா.”

“நிக்கட்டும். கேக்கட்டும்.”

“கேட்டா உன் கான்ட்ராக்டும் போகும், என் மானமும் போகும். சித்த கதவைச் சாத்து.”

“நீங்களே சாத்துங்க மேடம். உங்க கதவாச்சும் சாத்தினா திறக்குது.”

இது நடந்தது 2022 மார்ச்சில், பல்கலைக்கழகத்தின் சுகாதாரக் கொள்கைத் துறையில், மூன்றாவது மாடியில். வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். ஒருவர் கையில் மைசூர் பேட்டா என்ற ஜரிகைத் தலைப்பாகை, இன்னொருவர் கையில் ஏலக்காய் மாலை. நடுவில் ஸ்டூல் மேல் ஒரு கேக், அதில் க்ரீமால் 100 என்று எழுதியிருந்தது. பேராசிரியர் அனந்தலக்ஷ்மியின் கொரோனா கால ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அன்று நூறாவது மேற்கோள் வந்திருந்தது. அதாவது, வேறு ஆராய்ச்சியாளர்கள் நூறு முறை தங்கள் கட்டுரைகளில் அதைச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். உள்ளே அவருக்கும் ரக்ஷிதாவுக்கும் நடந்த சண்டை ஒன்பது பேருக்கும் கேட்டது. ஒன்பது பேரும் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜீவனஹள்ளியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் முப்பத்தேழு வீடுகளின் வாசற்கதவுகள் 2021 ஜனவரி 18, திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் பிறகு திறக்கவில்லை. பதினொன்று பத்தொன்பதுக்கு ஆஞ்சலா என்பவர் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அதன்பிறகு அந்தக் கதவைத் திறந்தவர் இல்லை. பூட்டு கெடவில்லை, மரம் ஊறவில்லை. காக்ஸ் டவுனிலிருந்து வந்த தச்சர் கீல்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்; கதவு நின்ற இடத்திலேயே நின்றது. மேஸ்திரி ஒருவர் சுவரை இடித்துப் பார்த்தார். ஒரு செங்கல்லை எடுத்தால் அதற்குப் பின்னால் இன்னொரு செங்கல் இருந்தது. நாற்பது செங்கல் எடுத்த பிறகு, இது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், ஒரு வாரத்தில் சரியாகும் என்றார்கள். ஜனங்கள் ஜன்னல் கம்பிகளை அறுத்துவிட்டு ஜன்னல் வழியாக வந்து போனார்கள். ஷீட் கூரை போட்ட வீட்டுக்காரர்கள் ஒரு ஷீட்டைத் தள்ளிவிட்டு ஏணி வைத்துக்கொண்டார்கள். யுகாதி வருவதற்குள் அதைப் பற்றிப் பேசுவது நின்றுபோயிற்று. மே மாதம் ஒரு கல்யாணப் பெண் பட்டுப்புடவையோடு ஏணியில் இறங்கினாள். போட்டோகிராபர் வெளிச்சம் சரியில்லை என்று அவளை மறுபடி ஏறி இறங்கச் சொன்னார்.

கஷ்டம் அய்யாவுவுக்குத்தான். ரக்ஷிதாவின் அப்பா. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர். 2018-ல் இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், இரண்டு முறை தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் இருந்தது காங்க்ரீட் வீட்டின் கீழ்ப்பாகம். மேல்பாகத்தில் ஆஞ்சலா இருந்தார். ஆஞ்சலாவின் சமையலறை ஜன்னல் மொட்டைமாடிப் படியைப் பார்த்து இருந்ததால் அவர் சமாளித்தார். அய்யாவு வீட்டுக்குக் கூரையே ஆஞ்சலாவின் தரைதான். மேஸ்திரி அதையும் ஒரு நாள் குடைந்து பார்த்தார். காங்க்ரீட்டுக்குப் பின்னால் காங்க்ரீட் இருந்தது. அவர்களுக்கு இருந்த ஒரே வழி தெருப்பக்கத்து ஜன்னல். கம்பியை அறுத்த அன்று அதன் அகலம் இருபத்தேழு அங்குலம். அய்யாவு குனிந்து, காலை எடுத்துப் போட்டு, தானாகவே இறங்கினார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஜாய்சன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

இந்தக் கதவுகள் ஏன் சாத்திக்கொண்டன என்பது ரக்ஷிதாவுக்கு மட்டும் தெரியும். 2020 ஜூலையில் அவள் அந்தத் துறையில் ஃபீல்ட் வேலையில் இருந்தாள், கான்ட்ராக்டில். ஊரடங்கில் நோயாளிகளால் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்ததா என்று ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வீடுகளில் கேட்டு எழுத வேண்டும். அதற்கு அனந்தலக்ஷ்மி ஒரு விதிப்புத்தகம் எழுதியிருந்தார். ஏழாவது விதி, ஃபீல்டுக்குப் போகிறவர் தான் குடியிருக்கும் தெருவில் தானே கேள்வி கேட்கக்கூடாது. தெரிந்த பெண்ணிடம் ஜனங்கள் உண்மையைச் சொல்ல வெட்கப்படுவார்கள் என்பது காரணம். நல்ல விதிதான். ஆனால் அந்த வாரம் சந்தில் நாலு பேருக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு முனையிலும் தகர ஷீட் அடித்து அடைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து வேறு ஆள் உள்ளே வர முடியாது. ரக்ஷிதா வெளியே போக முடியாது, உள்ளே கேட்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை கணக்கை முடித்து அனுப்ப வேண்டும். அவள் போன் செய்தாள். மல்லேஸ்வரத்து வீட்டில் அனந்தலக்ஷ்மியின் கணவர் கேசவ் மாடி அறையில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு தனியாகக் கிடந்தார். அனந்தலக்ஷ்மி ரசத்தை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்து போனை எடுத்தார். படிவத்தில் ஒன்று என்றால் பதில் சொன்னார்கள், இரண்டு என்றால் மறுத்தார்கள், மூன்று என்றால் பெரியவர்கள் இல்லை, நான்கு என்றால் மூன்று முறை போயும் கதவு பூட்டியிருந்தது. வேறு எண் இல்லை. நாலு போட்டுவிடு, அப்புறம் சரி பண்ணிக்கொள்ளலாம் என்றார். ரக்ஷிதா போனில் முப்பத்தேழு முறை நான்கை அழுத்தினாள். பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று. கடைசியாகத் தன் வீட்டுக்கும் அழுத்தினாள், அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு. கதவு திறந்துதான் இருந்தது. பக்கத்துப் பாயில் அவள் அப்பா கால் இரண்டும் வீங்கிப் படுத்திருந்தார். தகரம் அடித்ததிலிருந்து அவர் டயாலிசிஸுக்குப் போகவில்லை.

அப்புறம் சரி பண்ணவில்லை. பண்ணக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை, நேரம் வரவில்லை, அவ்வளவுதான். பதில் சொன்ன வீடுகளில் சிகிச்சைக்குப் போக முடியாமல் போன வீடு ஒன்றுகூட இல்லை என்று கட்டுரை சொல்லியது. அது நல்ல செய்தி, அந்த வருஷம் எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி தேவைப்பட்டது. கட்டுரை இணையத்தில் வெளிவந்தது 2021 ஜனவரி 18, காலை பதினொன்று இருபது.

தங்கள் வீட்டு ஜன்னல் சுருங்குவதையும் ரக்ஷிதாதான் முதலில் கண்டுபிடித்தாள். சர்வே முடிந்தபின் அவளுக்குக் கொடுத்த வேலை, துறையின் கீழ்மாடியில் ‘ஆசிரியர் சாதனைகள்’ என்ற கண்ணாடிப் பலகையைப் பார்த்துக்கொள்வது. அனந்தலக்ஷ்மியின் படத்துக்குக் கீழே மேற்கோள் எண்ணிக்கையைத் தினமும் மாற்றி ஒட்டுவாள். வீட்டில், குழந்தைகளின் கை சுற்றளவு எடுக்க ஆபீஸில் கொடுத்த நாடாவால், அப்பா வெளியே வருவதற்கு வசதியாக ஜன்னலை அளந்து வைப்பாள். தச்சர் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். பலகையில் எண் ஒன்று ஏறினால் ஜன்னலில் ஒரு நூல் குறைந்தது. இரண்டு ஏறினால் இரண்டு. இரண்டாம் அலை வந்து ஊரெல்லாம் ஆக்ஸிஜனுக்கு அலைந்த மாதத்தில் மட்டும் இருபத்தாறு பேர் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டினார்கள். அந்த மாதம் ஜன்னல் மூன்றே கால் அங்குலம் போயிற்று. பத்தொன்பது அங்குலம் ஆனபோது அய்யாவுவின் தோள் இடித்தது. வியாதியில் சதை போயிருந்தது, ஆனால் மூட்டை தூக்கிய எலும்பு அப்படியே இருந்தது. அதிலிருந்து அவரை ஒரு பலகையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால் முதலில் வர, வெளியே இழுத்தார்கள். அவர் நெஞ்சின் கனத்தையும் ரக்ஷிதா அளந்தாள். பதினொரு அங்குலம். அப்படியென்றால் நூற்றிருபத்தெட்டாவது மேற்கோள் வரை வழி உண்டு. அதை ஒரு காகிதத்தில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் வைத்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்று அவர்கள் முயலாமல் இல்லை. ஹெப்பகோடியில் அய்யாவுவின் மனைவி சரசுவுக்குத் தங்கை இருந்தாள். போய் ஒரு நாள் தங்கினார்கள். காலையில் தங்கை வீட்டுக் கதவு திறக்கவில்லை, அவள் ஜன்னலும் பத்தொன்பது அங்குலமாக இருந்தது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு, அக்கா தப்பாக நினைக்கக்கூடாது என்று தங்கை சொன்னாள். அவர்கள் கிளம்பியதும் கதவு திறந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு முறை தங்க வைத்தார்கள். வார்டு கதவு மாட்டிக்கொண்டு இரண்டு நர்ஸுகள் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போக முடியவில்லை. அதன்பிறகு அய்யாவுவை அன்றன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

ரக்ஷிதா இதையெல்லாம் அனந்தலக்ஷ்மியிடம் முதல் முறை சொன்னது முப்பதாவது மேற்கோளில். இரண்டாம் முறை அறுபத்திரண்டில். அனந்தலக்ஷ்மி நம்பாமல் இல்லை. எண்களைப் பார்த்தார், இரண்டு வரிசையும் ஒத்துப்போவதைப் பார்த்தார், ஆராய்ச்சி செய்பவருக்கு அது போதும். அவருக்குப் பயம். பதினாலு பேரின் வேலை அந்தக் கட்டுரையால் வந்த நிதியில் ஓடியது, ரக்ஷிதாவின் வேலையும் அதில் ஒன்று. திருத்தம் போட்டால் முப்பத்தேழு வீடு மட்டும் தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள், எல்லாமே தப்பு என்பார்கள். துறைத் தலைவர் ப்ரஹ்லாத் ஆகஸ்டில் மதிப்பீட்டுக் குழு வந்து போகட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் எல்லா விஷயத்தையும் ஆகஸ்டுக்குத் தள்ளிவைப்பவர். அனந்தலக்ஷ்மிக்கு ராத்தூக்கம் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. தன் வீட்டுக் கதவைச் சாத்தும்போதெல்லாம் உடனே ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்வார். கேசவ் அதை வியாதிக்குப் பிறகு வந்த சுத்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நூறாவது மேற்கோளன்று சண்டை முடிந்ததும் ரக்ஷிதா அறையிலிருந்து வெளியே வந்து, கேக்கைச் சுற்றி நடந்து, படியிறங்கிப் போனாள். ஒன்பது பேரும் உள்ளே போய் அனந்தலக்ஷ்மிக்குப் பேட்டா வைத்து, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலை அவர் ஒரு கட்டு வெற்றுப் படிவங்களை எடுத்துக்கொண்டு, டிரைவர் வேண்டாம் என்று ஆட்டோ பிடித்து, ஜீவனஹள்ளிக்கு வந்தார்.

முதலில் அய்யாவு வீட்டு ஜன்னலுக்கு வந்தார். சரசு உள்ளே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். யார் என்று ரக்ஷிதா சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“வாங்க மேடம். உள்ள கூப்பிடணும்னு ஆசதான். உங்க பேப்பர் பெருசாக பெருசாக எங்க ஜன்னல் சின்னதாகுதாமே. எம்மவ இத்தினி நாள் எங்கிட்ட மறைச்சி வெச்சிருந்தா.”

அனந்தலக்ஷ்மி ஜன்னல் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு அய்யாவு எங்கே என்று கேட்டார். அய்யாவு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மேடத்துக்கு டீ கொடு என்றார். சரசு கொடுத்தாள். அந்த டம்ளர் ஜன்னல் வழியாகத் தாராளமாக வந்தது.

“2020 ஜூலைல, தகரம் அடிச்சிருந்தப்போ, உங்களால ஆஸ்பத்திரிக்குப் போக முடிஞ்சுதா?” என்று அனந்தலக்ஷ்மி படிவத்தைப் பார்த்துக் கேட்டார். அது நான்காவது கேள்வி.

“இல்லம்மா. மூணு வாட்டி போவல. நாலாவது வாட்டி ஜாய்சன் தகரத்த வளைச்சி இட்டுனு போனான்,” என்றார் அய்யாவு. பிறகு, “இத அன்னிக்கே கேட்டிருக்கலாமே,” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. மணி கேட்பதுபோல் சொன்னார்.

ஒன்பது நாள் அவர் தினமும் வந்தார். ஐம்பத்தாறு வயதில் ஏணி ஏறி ஷீட் ஓட்டை வழியாகக் குனிந்து கேள்வி கேட்டார். ஏணியை ஜாய்சன் பிடித்துக்கொண்டார். முப்பத்தேழு வீட்டில் ஒன்பது வீட்டார் அந்த நாட்களில் சிகிச்சைக்குப் போக முடியவில்லை என்றார்கள். ஒரு பிரசவம் வீட்டிலேயே நடந்தது. ஆஞ்சலா கடைசியாகப் பதில் சொன்னார். தன் கணவர் தகரம் அடித்த ஆறாம் நாள் மூச்சு விட முடியாமல் செத்துப்போனார் என்றும், தகரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது தன் ஜன்னலிலிருந்து தெரிந்தது என்றும் சொன்னார். அனந்தலக்ஷ்மி அதை எழுதிக்கொண்டார். படிவத்தில் அதற்கு இருந்த இடம் ஒரு வரி. ஓரத்திலும் எழுதினார், பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்.

திருத்தத்தை ஏப்ரல் முதல் வாரம் பத்திரிகைக்கு அனுப்பினார். அது வெளிநாட்டுப் பத்திரிகை. பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. பிறகு ஒரு மாதம் பதில் இல்லை. படிவங்கள் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். இரண்டு நிபுணர்கள் பார்ப்பார்கள் என்றார்கள். ஒரு நிபுணர் விடுமுறையில் இருந்தார். இதற்கிடையில் மேற்கோள் நின்றபாடில்லை. நூற்றெட்டு. நூற்றுப் பதிமூன்று. சரசு காலையில் மகள் போனைப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பாள், எண்ணைக் கேட்கமாட்டாள். அய்யாவு சாப்பாட்டைக் குறைத்தார், நெஞ்செலும்பு சோற்றால் ஆனதில்லை என்று சரசு திட்டினாள். அனந்தலக்ஷ்மி அந்தக் கட்டுரையைப் பயன்படுத்தப்போகிறவர்கள் யார் யார் என்று விசாரித்து ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார், தயவுசெய்து என் கட்டுரையை எடுத்துக்காட்டாதீர்கள் என்று. ஒரு பேராசிரியர் அப்படிக் கேட்பது யாருக்கும் புரியவில்லை. பிரேசிலிலிருந்து ஒருவர் எடுத்துவிட்டேன் என்று எழுதினார். டெல்லியிலிருந்து ஒருவர், அச்சுக்குப் போய்விட்டது, ஆனால் உங்கள் அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினார். நூற்றிருபத்தொன்று. நூற்றிருபத்தைந்து. மே கடைசியில் திருத்தத்தை ஏற்றுக்கொண்டோம், விரைவில் வெளியிடுவோம் என்று வந்தது. விரைவில் என்றால் எந்தத் தேதி என்று அவர் கேட்டார். விரைவில் என்று பதில் வந்தது.

ஜூன் 14 செவ்வாய்க்கிழமை. காலையில் எண் நூற்றிருபத்தேழு. ஜன்னல் பதினொரு அங்குலம் ஒரு நூல். பத்து மணிக்கு அய்யாவுவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பலகையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கால் வந்தது, இடுப்பு வந்தது. ஹல்லு, ஹல்லு, மெதுவா என்று ஜாய்சன் சொல்லிக்கொண்டே இழுத்தார். நெஞ்சு பாதி வந்தபோது எங்கோ ஒரு மாணவர் தன் ஆராய்ச்சியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து இணையத்தில் ஏற்றிவிட்டார். ஜன்னல் ஒரு நூல் குறைந்தது. அய்யாவு நின்றுவிட்டார். முன்னால் வரவில்லை, பின்னால் போகவில்லை. இடுப்புவரை தெருவில், தலை வீட்டுக்குள்.

ரக்ஷிதா போன் செய்தாள். அனந்தலக்ஷ்மி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். பத்திரிகை அலுவலகம் இந்திய நேரம் ஒன்றரைக்குத்தான் திறக்கும். அதுவரை ஜாய்சனும் இன்னும் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பலகையைத் தோளில் தாங்கினார்கள். உள்ளே சரசு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவருக்கு அனுமதித்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டாள். மூச்சை முழுசாக இழுக்காதே, பாதி பாதியாக இழு என்று சொல்லிக்கொடுத்தாள். இன்னொரு மேற்கோள் வந்தால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ரக்ஷிதா ஒரு போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அனந்தலக்ஷ்மி இன்னொரு போனில் ஒன்று முப்பதுக்கு அலுவலகத்தைப் பிடித்தார். யாரோ ஒரு பெண் எடுத்தாள். அவளிடம் அவர் மேற்கோள், திருத்தம் எதையும் விளக்கவில்லை. சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் பேசினார், அதை ஆஞ்சலா பிறகு மேடம் பேசுவதுபோலவே எல்லாருக்கும் தமிழில் சொன்னார்: “ஒரு மனுஷன் என் கட்டுரைல மாட்டிண்டிருக்கார். அவர் பேர் அய்யாவு. நீங்க பட்டனை அழுத்தற வரைக்கும் நான் போனை வைக்கப்போறதில்லை.”

இரண்டு பத்துக்குத் திருத்தம் வெளிவந்தது. முப்பத்தேழு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன, பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஜன்னல் இருபத்தேழு அங்குலத்துக்குப் போயிற்று, அய்யாவு வழுக்கிக்கொண்டு ஜாய்சன் மேல் விழுந்தார். இரண்டே முக்கால் மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் ஊசி குத்தியாயிற்று. உள்ளே இருந்த சரசு வாசற்கதவு வழியாக நடந்து வந்து, திரும்பி உள்ளே போய், மறுபடி வந்தாள். பிறகு அனந்தலக்ஷ்மியைப் பார்த்து, “சாப்டீங்களா மேடம்?” என்று கேட்டாள்.

அனந்தலக்ஷ்மி பேட்டாவையும் மாலையையும் ஒரு பையில் போட்டு அவரே திருப்பிக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்ததை வாங்கிவைக்க ஒரு பிரிவு பல்கலைக்கழகத்தில் இல்லாததால் அந்தப் பை இன்னும் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. சாதனைப் பலகையிலிருந்து அவர் படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருக்கிறது. நிதி நின்றது, ரக்ஷிதாவின் கான்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை. அவள் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பார்க்கிறாள். அனந்தலக்ஷ்மி படிவத்தில் ஐந்தாம் எண் ஒன்று சேர்த்தார்: ‘நாங்கள் போகவில்லை.’ அந்தப் படிவத்தை வேறு சில துறைகள் வாங்கிப் பயன்படுத்துகின்றன. ஐந்தாம் எண்ணை மட்டும் எடுத்துவிட்டுப் பயன்படுத்துகின்றன.

விஷயம் இத்தோடு முடியவில்லை என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பழைய கட்டுரையை இன்னும் எடுத்துக்காட்டுகிறார்கள். திருத்தத்தையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் ஆவதில்லை. திருத்தத்தை விட்டுவிட்டுச் சொன்னால் அன்றைக்கு ஒரு நாள் முப்பத்தேழு கதவும் திறப்பதில்லை, அய்யாவு வீட்டு ஜன்னலும் பழைய கணக்குக்குப் போய் இன்னும் ஒரு நூல் குறைந்து நிற்கிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. எங்கள் சந்தில் அதற்குப் பழகிவிட்டோம். ஏணிகளை யாரும் எடுத்துவைக்கவில்லை. கேஸ்காரருக்குத் தெரியும், கூரியர்காரருக்கும் தெரியும். இதுவரை அப்படி எண்பத்து மூன்று நாள் ஆகியிருக்கிறது. அதில் இருபத்திரண்டு நாள் செவ்வாயிலோ வெள்ளியிலோ வந்தது. இருபத்திரண்டு முறையும் அய்யாவு மறுநாள் போனார், மறுநாள் அவரை டயாலிசிஸுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இருபத்தேழு அங்குலத்துக்கு இருநூற்றுப் பதினாறு நூல்தான். திருத்தத்தோடு வந்தவற்றைக் கழித்தால் இன்றைய எண் இருநூற்றுப் பதினொன்று. கதவு திறக்காத நாளில் ஜன்னல் ஒரு விரல்கூட நுழையாத அகலத்துக்கு வந்துவிட்டது. இருநூற்றுப் பதினாறு வரும் அன்று காற்று எந்த வழியாக வரும் என்று சரசு கேட்கிறாள். அனந்தலக்ஷ்மி மேடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, திறந்த வாசற்படியில் உட்கார்ந்து, ரக்ஷிதாவோடு சேர்ந்து உலகம் பூராவுக்கும் கடிதம் எழுதுகிறார். அவர்கள் இரண்டு பேரால் எல்லாரையும் பிடிக்க முடியவில்லை.

அதனால் இதைப் படிக்கும் நீங்களோ, உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ, தெரிந்தவர்களோ ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தால் கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அதில் அனந்தலக்ஷ்மி, 2021 என்று இருந்தால், அதற்குக் கீழே திருத்தம், 2022 என்று ஒரு வரி சேருங்கள். சேர்க்க முடியாத நிலை என்றால், அது எந்தத் தேதியில் வெளிவரும் என்று மட்டும் இந்தப் பதிவுக்குக் கீழே பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும். அதற்கு முந்தின நாளே அய்யாவுவை வெளியே கொண்டுவந்து, கதவே இல்லாத ஆட்டோவில் உட்காரவைத்துவிடுவோம். ஜாய்சன் சம்மதித்துவிட்டார்.